செண்பகம் வீட்டு வானம்

மில்லர்புரத்தில் செண்பகம் குடியிருந்த வீட்டின் மொட்டை மாடிக்கு மேலே இரவில் தெரிந்த வானம் தூத்துக்குடியின் வானம் அல்ல. 2018 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இது தெரியவந்தது. அந்த வாரம் சீலா மீன் விலை ஏறியிருந்தது, தெருவில் குடிதண்ணீர் நான்கு நாளைக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தது. கல்லூரியில் இயற்பியல் நடத்தும் செல்வலட்சுமி, ஆடி முடிந்து ஆவணி பிறக்கும் சமயத்தில் ஆண்டுதோறும் ஆர்வமுள்ளவர்களைக் கூட்டி நட்சத்திரம் காட்டுவார். கடற்கரையில் துறைமுக விளக்குகள் கண்ணைப் பறித்ததால், தெருவிளக்கு எரியாத மில்லர்புரத்து மாடி ஒன்றை அந்த முறை கேட்டு வாங்கியிருந்தார். பொழுது சாய்ந்ததும் என்னென்ன பார்க்கலாம் என்று சொல்லத் தொடங்கினார். தெற்கே தேள் உருவம், அதன் நெஞ்சில் சிவப்பாகக் கேட்டை. வடகிழக்கே மூன்று பெரிய வெள்ளிகள் சேர்ந்த முக்கோணம். வடமேற்கில் சாய்ந்து இறங்கும் சப்தரிஷிகள். நள்ளிரவு தாண்டியும் விழித்திருக்க முடிந்தவர்களுக்கு எரிகற்கள். சொல்லிவிட்டுப் பச்சை லேசர் விளக்கைத் தெற்கே நீட்டினார். அங்கே தேள் இல்லை. அது எல்லோருடைய தலைக்கும் நேர் மேலே நின்றது. சப்தரிஷிகள் எங்குமே இல்லை.

பக்கத்து மாடியில் துண்டு விரித்துப் படுத்திருந்த வெள்ளத்துரை, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுந்து உட்கார்ந்து சொன்னார்: "டீச்சர், தேளு இங்கன தெக்காலதான நிக்கி."

இரண்டு மாடிகளுக்கும் இடையில் இடுப்பளவுச் சுவர்தான். அதைத் தாண்டி வெள்ளத்துரையின் பக்கம் போனால் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. திரும்ப இந்தப் பக்கம் வந்தால் தேள் உச்சிக்கு ஏறிவிட்டது. அங்குமிங்கும் போய்வந்ததில் இரண்டு பேருக்குத் தலை சுற்றியது. செல்வலட்சுமி பதறவில்லை. கோணத்தை அளந்து பார்த்து, இது பூமத்திய ரேகைக்குத் தெற்கே முப்பது டிகிரியில் தெரிகிற வானம் என்றார். காப்பி கொண்டுவந்த செண்பகம் தட்டைக் கீழே வைத்துவிட்டு, தன் வீட்டுக்காரருடைய கப்பல் முந்தாநாள் தென்னாப்பிரிக்காவில் டர்பன் துறைமுகத்தில் நங்கூரம் போட்டிருக்கிறது என்றாள். செல்வலட்சுமி போனில் வரைபடத்தைத் திறந்து பார்த்தார், டர்பன் தெற்கே முப்பது டிகிரியில்தான் இருந்தது. பிறகு எல்லோரும் காப்பி குடித்தார்கள்.

செண்பகம் ஸ்ரீவைகுண்டத்துக்கு அந்தப் பக்கம் நெல் விளைகிற ஊரில் பிறந்தவள். துறைமுகச் சாலையில் லாரிகளை எடை போடும் நிலையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் வேலை. உப்பு லாரிகளோடு வந்துபோன புன்னைக்காயல் தேவபிரசாதத்தை அங்கேதான் பார்த்தாள். வேறு சாதி, வேறு சாமி. இரண்டு வீட்டிலும் சம்மதமில்லை. பதிவு அலுவலகத்தில் கல்யாணம் முடித்த கையோடு அவன் மாலுமிப் பயிற்சிக்குப் போய், சரக்குக் கப்பல்களில் ஏறிவிட்டான். அவன் வீட்டிலிருந்து அண்ணன் தேவமணி மட்டும் எப்போதாவது மீனோடு வந்து, வாசலில் நின்று பேசிவிட்டுப் போவார்.

அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில் தெரு இதற்குப் பழகிப்போனது. தேவபிரசாதம் எந்தக் கடலில் இருந்தாலும் அவனுடைய இரவு, மில்லர்புரத்தில் இருட்டியதும் அந்த மாடிக்கு மேல் வந்துவிடும். அங்கே மேகம் என்றால் இங்கேயும் மேகம், அங்கே மழை என்றால் அந்த வீட்டின் மேல் மட்டும் மழை. ஒரு ஜனவரியில் அவன் வடக்கே எங்கோ ஒரு துறைமுகத்தில் இருந்தபோது மாடி முழுக்கப் பனி விழுந்தது. வெள்ளத்துரையின் மனைவி அதை ஒரு சட்டியில் அள்ளி வைத்தாள். விடிவதற்குள் கரைந்து போனது. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை முட்டி உயரத்தில் நிற்கிறது என்று கையை நீட்டி, விரல்களை மடக்கி அளக்க செண்பகம் கற்றுக்கொண்டாள். நம் ஊரில் அது ஒரு முட்டி உயரம்தான். நான்கு முட்டி ஏறினால் அவன் குளிரில் இருக்கிறான், காணாமல் போனால் பூமத்திய ரேகையைத் தாண்டிவிட்டான். கொரோனா ஆண்டில் கப்பலை விட்டு இறங்க விடாமல் பதினொரு மாதம் அவனை வைத்திருந்தபோது அவள் தினமும் அவனுடைய வானத்துக்குக் கீழேதான் சாப்பிட்டாள்.

அவன் விடுப்பில் வந்தால் மாடிக்கு மேலே தூத்துக்குடி வானமே நிற்கும். அதனால் அவன் இதைப் பாதி நம்பினான், பாதி நம்பவில்லை. ஒருமுறை கப்பல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று போனில் சொன்னான். துருவ நட்சத்திரம் ஒன்பது நாளாக நகரவில்லையே என்று இவள் கேட்டாள். குடலிறக்கத்துக்கு அறுவை செய்து கரையில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்ததை அவன் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. "வேவு பாக்கதுக்கா வானத்த வச்சிருக்க?" என்று கேட்டு போனை வைத்துவிட்டான். அதன் பிறகு ஒரு மாதம் அவள் வேண்டுமென்றே மாடிக்குப் போகவில்லை.

2023 ஜூனில், ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையையொட்டி வடக்கே வந்துகொண்டிருந்த அவனுடைய கப்பல் பெருங்காற்றில் கவிழ்ந்தது. பழைய கப்பல், வேறு நாட்டுக் கொடி. ஐந்து பேரை வேறொரு கப்பல் மீட்டது. மற்றவர்கள் இறந்ததாகக் கருதப்படுவதாகக் கம்பெனி சொன்னது. அந்த மற்றவர்களில் தேவபிரசாதமும், எஞ்சின் அறையில் வேலை பார்த்த காயல்பட்டினத்துப் பையன் ஹுதைஃபாவும் இருந்தார்கள். செய்தி வந்த அன்று இரவு செண்பகம் மாடிக்கு ஓடினாள். துருவ நட்சத்திரம் இல்லை. மற்றவையெல்லாம் இருந்தன, நகர்ந்தன. அடுத்தடுத்த இரவுகளில் துருவ நட்சத்திரம் தலைகாட்டியது. விரல் கனம் விரல் கனமாக உயர்ந்தது. எஞ்சின் இல்லாமல், நீரோட்டம் இழுக்கிற வேகத்தில் ஏதோ ஒன்று வடக்கே போய்க்கொண்டிருக்கிறது என்றார் செல்வலட்சுமி. இரண்டு இரவுகள் அந்த வீட்டின் மேல் மட்டும் நல்ல மழை பெய்தது. கச்சான் காற்றில் தெருவே புழுதி பறந்த நாட்கள் அவை. அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைத்துவிட்டது என்று செண்பகம் மழையில் நனைந்துகொண்டே நின்றாள்.

ஜூலை முதல் வாரத்தில் துருவ நட்சத்திரம் ஒரு முட்டி உயரத்துக்கு வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. மாடியிலும் தெருவிலும் ஒரே வானம். சுவரைத் தாண்டினால் எதுவும் மாறவில்லை. இரண்டு வாரம் பார்த்துவிட்டுத் தெருவில் பேச்சு அடங்கியது. தேவமணி வந்தார், இந்த முறை வாசலில் நிற்காமல் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"தம்பி போயிட்டாம்மா" என்றார். "அவன் போனதும் வானமும் போயிட்டு. ஆகஸ்ட் கடைசில மாதா கோயில்ல அவனுக்குப் பூசை வைக்கச் சாமியார்ட்ட சொல்லியிருக்கேன். நீயும் வரணும். ஒனக்குத்தான் மொத எடம்."

ஆறு வருடமாக அந்த வீட்டில் அவளுக்குக் கிடைக்காத இடம் அது. அவள் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

செல்வலட்சுமி மட்டும் அப்படி முடிவு கட்டவில்லை. தேவபிரசாதம் கரையேறிய இடம் தூத்துக்குடிக்கு நேர் மேற்கே, இதே அட்சரேகையில் இருந்தால் அங்கேயும் வானம் இப்படியேதான் இருக்கும், நட்சத்திரத்தை வைத்துச் சொல்லவே முடியாது என்று விளக்கினார். இரண்டு ஊருக்கும் வேறுபடுவது மேகமும் மழையும்தான். ஆனால் அந்த மாதங்களில் இங்கேயும் மேகமில்லை, அங்கேயும் இல்லை. மிச்சம் ஒன்றுதான். எரிகல் தரைக்குப் பக்கத்தில் எரிவது. ஓர் ஊரில் விழுவது ஆயிரம் மைல் தள்ளி இருக்கிறவன் கண்ணில் படாது. ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி நிறைய விழும், அன்று நிலவும் இருக்காது. ஒரு மாடியில் விழுவது மற்றதிலும் விழுந்தால் அது நம் வானம், தேவமணி பூசை வைக்கலாம். விழாவிட்டால் இல்லை.

இந்தப் பேச்சு காயல்பட்டினம் வரை போய்விட்டது. ஹுதைஃபாவின் மனைவி இல்மா பஸ் பிடித்து வந்தாள். இருபத்திரண்டு வயது, கைக்குழந்தையைத் தாய்வீட்டில் விட்டிருந்தாள். புருஷன் இறந்தால் பூவும் புதுத்துணியும் விட்டு வீட்டோடு இருக்கிற இத்தாவை இருக்கும்படி வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள், மவுத்து உறுதியாகத் தெரியாமல் எப்படி இருப்பது என்று இவள் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க மச்சானும் ஒங்க வீட்டுக்காரரு கூடத்தான் இருக்காங்களான்னு இந்த வானம் சொல்லுமா அக்கா?" என்று கேட்டாள்.

சொல்லாது என்றாள் செண்பகம். இல்மா தலையாட்டினாள். ஆனாலும் அந்த இரவுக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

பன்னிரண்டாம் தேதி வெள்ளத்துரையின் மாடியில் அவரும் செல்வலட்சுமியும் தேவமணியும் பாய் விரித்துப் படுத்தார்கள். இந்த மாடியில் செண்பகமும் இல்மாவும். எல்லோரும் வடகிழக்கைப் பார்க்க வேண்டும், கண்டவர் குரல் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நள்ளிரவு கழிந்து வெகுநேரம் ஒன்றும் விழவில்லை. பிறகு வெள்ளத்துரை "இந்தா ஒண்ணு" என்றார். இந்தப் பக்கம் இருவரும் எதையும் காணவில்லை. மங்கலாக விழுந்திருக்கும், தவறவிட்டிருப்பார்கள் என்றார் தேவமணி. இன்னொன்றும் அப்படியே ஆனது. செண்பகத்துக்குக் கண் எரிந்தது, இமைக்கப் பயந்தாள். அப்போது அவள் தலைக்கு மேலே பச்சையாக ஒன்று பற்றி, வானத்தில் பாதியைக் கடந்து, வெடித்து அணைந்தது. இல்மாவின் முகமும் தண்ணீர்த் தொட்டியும் கொடிக்கயிறும் ஒரு கணம் பகல் போலத் தெரிந்தன. பக்கத்து மாடியிலிருந்து சத்தமே இல்லை.

அது போன வழியில் புகைக்கோடு ஒன்று வெள்ளையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. செண்பகம் கூப்பிட, தேவமணி சுவரேறி இந்தப் பக்கம் குதித்தார். அண்ணாந்து பார்த்தார். திரும்பிப் போய் அந்தப் பக்கமிருந்து பார்த்தார், கோடு இல்லை. மறுபடி வந்தார். கோடு காற்றில் வளைந்து கலைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார். "ஏலே தம்பி" என்று ஒருமுறை மேலே பார்த்துச் சொன்னார். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மறுநாளே புன்னைக்காயலில் பூசையை நிறுத்தினார்.

அந்தச் சந்தோஷத்தில் செண்பகம் இல்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ரெண்டு பேரும் சேந்துதான் இருப்பாவ. நீ தைரியமா இரி." வானம் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அங்கிருந்த யாரும் அவளைத் திருத்தவில்லை.

இல்மா இத்தா இருக்கவில்லை. அக்டோபரில் தங்கையின் நிக்காஹ் நடந்தபோது புதுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு பந்தலில் நின்றாள். கேட்டவர்களிடமெல்லாம் மச்சான் வந்துவிடுவார்கள் என்றாள். டிசம்பரில் இந்தக் கடற்கரையே மூழ்குகிற மழை வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஓராண்டு மழை கொட்டியது, மில்லர்புரத்தில் இடுப்பளவு தண்ணீர். அந்த இரண்டு இரவுகளும் செண்பகத்தின் மாடியில் ஒரு சொட்டு விழவில்லை. மேலே நட்சத்திரங்கள் இருந்தன. தெருவில் கீழ்வீடு வைத்திருந்தவர்கள் பிள்ளைகளையும் அடுப்பையும் தூக்கிக்கொண்டு அங்கேதான் ஏறினார்கள். நாலு பக்கமும் மழை சுவர் போல நிற்க, நடுவில் பகல் ஈரத்தைத் துடைத்துவிட்டுப் படுத்துத் தூங்கினார்கள். தண்ணீர் வடிந்து பஸ் ஓடத் தொடங்கியதும் இந்தச் செய்தியும் காயல்பட்டினம் போனது. இல்மா அதையும் நம்பிக்கைக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

தேவபிரசாதம் 2024 மார்ச்சில் வந்து சேர்ந்தான். ஒரு மீன்பிடிப் படகு அவனை ஏற்றிக்கொண்டு போய் அரபு நாட்டுக் கரையில் இறக்கியிருந்தது. அங்கிருந்து விமானம், பிறகு கொச்சியிலிருந்து பஸ். செண்பகம் பஸ் நிலையத்தில் அவனைக் கடந்து போய்விட்டு, அவன் கூப்பிட்ட பிறகுதான் திரும்பினாள், அவ்வளவு மெலிந்திருந்தான். நடந்ததை அவன் இரண்டு நாளில் சொல்லி முடித்தான். தெப்பத்தில் மூன்று பேர் ஏறினார்கள், இருவர் கரை சேர்ந்தார்கள், அவனும் ஹுதைஃபாவும். மணலும் முள்ளுமான கரை. துப்பாக்கி வைத்திருந்த ஆட்கள் இவர்களை ஆட்டுப்பட்டியில் அடைத்து, பணத்தோடு யாராவது தேடி வருவார்கள் என்று காத்திருந்தார்கள். யாரும் வரவில்லை, பல மாதம் கழித்து அலுத்துப்போய்த்தான் தேவபிரசாதத்தைப் படகில் ஏற்றிவிட்டார்கள். அதற்கு வெகுமுன்பே ஹுதைஃபாவுக்குக் காய்ச்சல் கண்டது. எரிகல் நிறைய விழுந்த ஓர் இரவில் அவன் பட்டியில் மல்லாந்து படுத்து அதைப் பார்த்துச் சிரித்தான். அதற்கு அடுத்த வாரம் இறந்துபோனான். ஒரு மேட்டில் பலகைத் துண்டால் குழி தோண்டி, அங்கிருந்த கிழவர் ஒருவர் தொழுகை நடத்த, தேவபிரசாதம் அவனை இறக்கினான்.

அவனே தேவமணியைக் கூட்டிக்கொண்டு காயல்பட்டினம் போய் இல்மாவின் வீட்டில் சொன்னான். அந்த வீட்டில் மார்க்கம் படித்த ஆலிமிடம் கேட்டார்கள். இத்தா என்பது மவுத்தான நாளிலிருந்து கணக்கு, நான்கு மாதம் பத்து நாள். அது டிசம்பர் கடைசியிலேயே முடிந்துவிட்டது, இனி இருக்க வேண்டியதில்லை என்று அவர் சொன்னார்.

ஒரு பகலில் இல்மா மில்லர்புரம் வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"எங்க மச்சானுக்கு நான் இத்தா இருக்கல அக்கா" என்றாள். "அவங்க கபுர்ல கெடக்கும்போது நான் பூ வச்சிட்டு நின்னேன். நீங்க நல்லதுன்னு நெனச்சித்தான் சொன்னீங்க. ஆனா சொல்லாம இருந்திருக்கலாம்."

இல்மா செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள். தன் கணவன் உயிரோடு கட்டிலில் படுத்திருந்த வீட்டில் செண்பகம் அன்று சமைக்கவில்லை.

தேவபிரசாதம் மறுபடி கப்பல் ஏறவில்லை. கூரைக்குக் கீழே தூக்கம் வராமல் மாடியில் படுத்தான். அவன் வந்துவிட்டதால் மாடிக்கு மேலே இருப்பது ஊர் வானம்தான் என்றே எல்லோரும் நினைத்தார்கள். இரண்டும் ஒன்று போல இருந்ததால் அதை யாரும் சோதிக்கவில்லை. மே மாதம் ஒரு நாள் இருட்டிய பிறகு கோடைமழை பிடித்தது. விடாமல் பெய்தது. துணி எடுக்க மேலே போன செண்பகம், துணி நனையாமல் கொடியில் ஆடுவதையும், அவன் காய்ந்த பாயில் உட்கார்ந்து மேலே பார்ப்பதையும் கண்டாள். அவன் இதுவரை பார்த்திராததை அன்றுதான் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் அவன் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

"இது அந்த மேட்டுக்கு மேல உள்ளது" என்றான். "எனக்குத் தெரியும்."

அவன் இங்கே வந்த பிறகும் வானம் ஏன் அங்கேயே நின்றுவிட்டது என்று அவள் கேட்கவில்லை. இல்மாவிடம் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொன்னான். செண்பகத்துக்குத் தைரியம் வரவில்லை. ஒருமுறை அந்த வானத்தை வைத்து அந்தப் பெண்ணுக்குச் செய்தது போதாதா என்று இருந்தது. எடைநிலையத்துக்குப் போனாள், வந்தாள், ஜூன் போனது, ஜூலை போனது. ஆகஸ்டில் ஒரு நாள் விடுப்புப் போட்டுவிட்டுக் காயல்பட்டினம் பஸ்ஸில் ஏறினாள். இல்மா அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, குடிக்கக் கொடுத்தாள். மாடிக்கு மேலே இருப்பது இப்போது எந்த இடத்து வானம் என்பதை மட்டும் செண்பகம் சொன்னாள். வேறு ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. இல்மா குழந்தைக்குச் சோறு ஊட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் தனியாக வந்து படியேறினாள். எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். தேவபிரசாதம் கொஞ்சம் தள்ளி நின்று தெற்கே கை காட்டினான்.

"பட்டி வாசல்ல நின்னு பாத்தா, அந்தச் செவப்பு நட்சத்திரம் மேட்டுக்கு நேர் மேல நிக்கும். கீழ எறங்கும்போது மேட்டுக்குப் பின்னால போயிரும். அதுக்குக் கீழதான்."

சொல்லிவிட்டு அவன் கீழே போய்விட்டான். இல்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கையேந்தி நெடுநேரம் ஓதினாள். கேட்டை மெல்ல மேற்கே சாய்ந்தது. முடித்ததும் கைகளால் முகத்தைத் தடவிக்கொண்டு, செண்பகத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கடைசி பஸ்ஸுக்கு நேரமானபோது செண்பகம் மாடிக்கதவுச் சாவி ஒன்றை அவளிடம் கொடுத்தாள். இல்மா வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

இப்போது வியாழக்கிழமைகளில் இருட்டும் நேரத்துக்கு அவள் வருகிறாள். குழந்தை நடக்கத் தொடங்கியதிலிருந்து அதையும் கூட்டி வருகிறாள். வெள்ளத்துரை சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து அதற்கு மிட்டாய் கொடுக்கிறார். செல்வலட்சுமி ஆவணி நெருங்கும்போது ஆட்களை வேறொரு மாடிக்குக் கூட்டிப் போகிறார், இந்த மாடியைக் கேட்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் இல்மா குடை எடுத்துக்கொண்டு வருகிறாள். மாடிப்படி வரைக்கும்தான் அது தேவைப்படும். மேல்படியில் அதை மடக்கிச் சாய்த்து வைத்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு போய் உட்காருவாள்.